1 வெள்ளி கிளினிக். 65 வெள்ளி நாள்

மலேசிய இந்தியர்களில் கிட்டத்தட்ட மூவரில் ஒருவருக்கு நீரிழிவு. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வு சொன்ன கணக்கு இது. நாடு முழுவதும் 18 வயதைத் தாண்டியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் 31.4 விழுக்காடு. 2023ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் சராசரி 15.6 விழுக்காட்டுக்கு இறங்கியது. அப்போதும் முதல் இடம் நமக்குத்தான்.

இதைத் தெரிந்துகொள்ள ஆய்வறிக்கைகூடத் தேவையில்லை. அடுத்த முறை கல்யாணப் பந்தியில் உட்காரும்போது, பாயசம் வரும் நேரத்தில் இலைக்கு மேல் கையை மறைத்து "எனக்கு வேண்டாம்பா" என்று சொல்பவர்களை எண்ணிப் பாருங்கள்.

ஏன் நமக்கு இவ்வளவு? நாம் வழக்கமாகச் சொல்லும் பதில்கள் மூன்று. சோறுதான் காரணம் என்பது ஒன்று. நம் இரத்தத்திலேயே இருக்கிறது என்பது இன்னொன்று. நம் ஆட்களுக்கு வாயைக் கட்டத் தெரியாது என்பது மூன்றாவது.

இரத்தத்தில் இருக்கிறது என்பதில் உண்மை இருக்கிறது. தெற்காசிய வம்சாவளியினருக்கு உடல் எடை அதிகம் கூடாமலேயே நீரிழிவு வரக்கூடும் என்பது மருத்துவம் ஒப்புக்கொண்ட விஷயம். ஆனால் அதே இரத்தம்தானே தோட்டத்தில் பால்வெட்டிய என் தாத்தாவுக்கும் ஓடியது? விடிவதற்கு முன்பே எழுந்து மரத்துக்கு மரம் நடந்தார். லயத்து வீட்டுக்குப் பின்னால் பாட்டி போட்டிருந்த கீரையும் முருங்கையும் சட்டியில் வெந்தன. தோட்ட வாழ்க்கை சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. அங்கே வேறு நோய்கள் இருந்தன, அதற்குப் பிறகு வருகிறேன். இரண்டு தலைமுறைகளில் நம் மரபணு மாறவில்லை. மாறியது நாம் வாழும் இடம், செய்யும் வேலை, வாங்கக்கூடிய சாப்பாடு.

டாக்டர் சொன்னதும் அண்ணன் கேட்டதும்

வானொலியில் உடல்நல நிகழ்ச்சி என்றால் தொலைபேசி ஓயாது. ஒரு நாள் நீரிழிவு பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். நிலையத்துக்கு வந்திருந்த மருத்துவர் நன்றாகவே பேசினார். சீனியைக் குறையுங்கள், தினமும் அரை மணி நேரம் நடங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள், நன்றாகத் தூங்குங்கள், கிளினிக் தேதியைத் தவறவிடாதீர்கள். எதிலும் பிழை இல்லை.

அப்போது ஓர் அண்ணன் அழைத்தார். காவலாளி வேலை.

"தங்கச்சி, டாக்டரு சொல்றது எல்லாம் சரிம்மா. நான் ராத்திரி ஏழுலேருந்து காலையில ஏழு வரைக்கும் வேலை. தூக்கம் பகல்லதான். ராத்திரி ரெண்டு மணிக்குப் பசிச்சா மாமாக் கடை மட்டும்தான் தொறந்திருக்கு. நேரத்துக்குச் சாப்பிடுன்னா, எந்த நேரத்துக்கும்மா?"

மருத்துவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு, "வீட்டிலிருந்து எதாவது கொண்டுபோக முடியுமா, அண்ணே?" என்று கேட்டார். வீட்டில் மனைவியும் ஷிப்ட் வேலைக்குப் போகிறார் என்று பதில் வந்தது. கிளினிக் தேதியைப் பற்றிக் கேட்டபோது அவர் சொன்னதுதான் என் மனதில் தங்கிவிட்டது.

"கிளினிக்குல ஒரு வெள்ளிதான் வாங்குறாங்க. ஆனா போயிட்டு வந்தா எனக்கு ஒரு நாள் போயிடும்."

அந்த ஒரு நாளின் விலையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2025ஆம் ஆண்டு முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். தொழிலாளர் சட்டம் வழக்கமாகச் செய்வதுபோல் அதை 26ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி 65 ரிங்கிட்டைக் கொஞ்சம் தாண்டும். மாதச் சம்பளக்காரருக்கு நோய் விடுப்பு உண்டு. வேலை செய்த ஆண்டுகளைப் பொறுத்து வருடத்துக்கு 14 முதல் 22 நாள் வரை. ஆனால் வழக்கமான பரிசோதனைக்குப் போனால் பெரும்பாலும் எம்சி கிடைக்காது. வந்துபோன நேரத்தைக் குறித்த 'டைம் ஸ்லிப்'தான் கிடைக்கும். குத்தகை நிறுவனத்தில் நாள் கூலிக்கு வேலை செய்பவருக்கு அந்தச் சீட்டு ஒரு காகிதம்தான். அவருக்கு 1 வெள்ளி கிளினிக்கின் உண்மையான விலை 66 வெள்ளி. பஸ் காசு தனி.

மாதத்துக்கு 8,000 ரிங்கிட் சம்பளம் வாங்குபவர் அதே கிளினிக்குக்குப் போனால்? மேலாளருக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பிவிட்டு, மத்தியானத்துக்கு மேல் அலுவலகம் வந்துவிடுவார். அவர் இழப்பது 1 வெள்ளி. ஒரே கிளினிக், ஒரே மருந்து, ஒரே மருத்துவர். ஆனால் இருவரும் கொடுக்கும் விலை ஒன்றல்ல.

எல்லாருக்கும் இலவசம், ஆனாலும் ஏணிப்படி

நம் நாட்டின் அரசாங்க மருத்துவ வசதி உலகத்தில் பலர் பொறாமைப்படும் ஒன்று. குடிமக்கள் 1 ரிங்கிட் கொடுத்து டாக்டரைப் பார்க்கலாம், மருந்தும் வாங்கலாம். அப்படியிருந்தும் நோய் ஏன் எல்லாரையும் சமமாகத் தாக்குவதில்லை?

இதே கேள்வியை ஒரு காலத்தில் பிரிட்டனிலும் கேட்டார்கள். அங்கே 1948 முதல் மருத்துவம் இலவசம். 1967இல் தொடங்கி, லண்டன் வைட்ஹால் பகுதியில் வேலை செய்த ஆயிரக்கணக்கான அரசாங்க ஊழியர்களை ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். யாரும் பஞ்சத்தில் அடிபட்டவர்கள் அல்லர். எல்லாருக்கும் நிலையான வேலை, ஒரே இலவச மருத்துவமனை. ஆனால் கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம் உயர் அதிகாரிகளுடையதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தது. இடையில் இருந்தவர்கள் இடையிலேயே இருந்தார்கள். பதவியில் ஒரு படி இறங்க இறங்க, ஆயுளும் ஒரு படி இறங்கியது. புகைப்பிடித்தல், இரத்தக் கொதிப்பு போன்றவற்றைக் கணக்கில் சேர்த்த பிறகும் அந்த ஏணிப்படி முழுதாக மறையவில்லை.

அந்த ஆய்வுகளில் முக்கியப் பங்கு வகித்த மைக்கேல் மார்மட்தான் பிறகு உலகச் சுகாதார நிறுவனம் அமைத்த ஓர் ஆணையத்துக்குத் தலைமை தாங்கினார். 2008இல் அவர்கள் வெளியிட்ட அறிக்கையின் சாரம் எளிமையானது. மனிதர் பிறக்கும் இடம், வளரும் வீடு, படிக்கும் பள்ளி, செய்யும் வேலை, முதுமையில் கிடைக்கும் ஆதரவு ஆகியவைதான் அவர் எவ்வளவு காலம், எவ்வளவு நலமாக வாழ்வார் என்பதைப் பெருமளவு தீர்மானிக்கின்றன. இவற்றை உடல்நலத்தின் சமூகக் காரணிகள் என்கிறார்கள். ஆஸ்பத்திரி கதவைத் தட்டும் முன்பே நோய்க்கான பாதி வேலை நடந்து முடிந்துவிடுகிறது.

17 அடுக்குமாடிகளில் ஒரு கணக்கு

தோட்டங்கள் துண்டாடப்பட்டும், பிறகு வீடமைப்புத் திட்டங்களாக மாறியும் போனபோது நம் மக்கள் பட்டணத்துக்கு வந்தார்கள். பலர் புறம்போக்கு வீடுகளில் இருந்தார்கள். பிறகு குறைந்த விலை அடுக்குமாடிகளுக்கும் பிபிஆர் வீடுகளுக்கும் போனார்கள். கூரை ஒழுகாத வீடும் குழாய்த் தண்ணீரும் கிடைத்தன. அது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் 700 சதுர அடிக்குள் மூன்று தலைமுறை வாழும்போது கீரை போட இடம் கிடையாது. பிள்ளை ஓடியாட இடம் கிடையாது.

கோலாலம்பூரின் 17 குறைந்த விலை அடுக்குமாடிப் பகுதிகளில் யுனிசெஃப் ஓர் ஆய்வு நடத்தி 2018இல் வெளியிட்டது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தார்கள். சத்துக் குறைவின் அடையாளம் அது. அதே அடுக்குமாடிகளில் 23 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்கு உடல் எடை அதிகம். ஒரே கட்டடத்தில் ஒரு பக்கம் சத்துக்குறைவு, இன்னொரு பக்கம் பருமன்!

இது முரண்பாடாகத் தோன்றும். ஆனால் மாதக் கடைசியில் 20 வெள்ளியோடு கடைக்குப் போன எந்தத் தாய்க்கும் இது புரியும். அந்தப் பணத்துக்கு மீனும் காயும் வாங்கினால் ஒரு நாளைக்கு வரும். மெகியும் வெள்ளை ரொட்டியும் கெட்டிப்பாலும் வாங்கினால் நான்கு நாள் வயிறு நிறையும். வயிறு நிறைகிறது, உடம்பு வளர்வதில்லை. அந்த ஆய்வில் 97 விழுக்காட்டுக் குடும்பங்கள், பிள்ளைகளுக்குச் சத்தான சாப்பாடு சமைக்கத் தடையாக இருப்பது விலைவாசிதான் என்று சொன்னார்கள். அவர்களுக்கு எது நல்லது என்று தெரியும். அதை வாங்கத்தான் முடியவில்லை.

ஒரு நிகழ்ச்சிக்காக ஒலிப்பதிவு செய்யப் போன அடுக்குமாடி ஒன்றில், 14ஆவது மாடியில் குடியிருக்கும் ஓர் அம்மாவைப் பார்த்தேன். நீரிழிவு, முட்டி வலி. "நடக்கச் சொல்றாங்க ஐயா டாக்டரு. லிப்ட் கெட்டுக் கெடந்தா நான் எறங்குறதே இல்லம்மா. எறங்கினா யாரு ஏத்திவிடுவா?" என்றார். அந்த அம்மாவின் சர்க்கரை அளவைக் குறைக்க இன்னொரு மாத்திரை எழுதிக் கொடுக்கலாம். லிப்டைச் சரிசெய்வதும் ஒரு சிகிச்சைதான் என்று யாரும் மருந்துச் சீட்டில் எழுதுவதில்லை.

சிறு வயதில் சத்துக் குறைந்து வளர்ந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவும் இருதய நோயும் வரும் வாய்ப்பு அதிகம். இன்று அந்த அடுக்குமாடியில் மெகி சாப்பிடும் நான்கு வயதுப் பிள்ளை 2060இல் எந்த வரிசையில் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். சிறுநீரகம் செயலிழக்க நம் நாட்டில் முதல் காரணம் நீரிழிவுதான். டயாலிசிஸ் என்றால் வாரத்துக்கு 3 முறை, ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம். வேலை, குடும்பம் எல்லாம் அந்த நாற்காலியைச் சுற்றியே அமைந்துவிடும்.

கிள்ளானில் ஒரு முறை செய்து காட்டினார்கள்

"இதெல்லாம் பெரிய விஷயம். வீடு, சம்பளம், சாப்பாட்டு விலையை எல்லாம் மாற்ற முடியுமா?" என்று கேட்கலாம். நம் மண்ணிலேயே ஒரு பதில் இருக்கிறது. தோட்டத்து நோய்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றேனே, அது இதுதான்.

நூறு ஆண்டுகளுக்கு முன் தோட்டங்களில் நம் மக்களைக் கொன்று குவித்தது மலேரியா. அன்றைக்கும் "இந்தக் கூலிகள் சுத்தமில்லாதவர்கள், பலவீனமானவர்கள்" என்று நோயாளிகள் மீதே பழி போட ஆள் இருந்தது. கொயினா கொடுத்தார்கள், எழுந்து வேலைக்குப் போனவர் மறுபடி காய்ச்சலில் விழுந்தார்.

1901இல் மால்கம் வாட்சன் என்ற இளம் மருத்துவர் கிள்ளானுக்கு மாற்றலாகி வந்தார். கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் கண்டுபிடித்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. இன்றைய போர்ட் கிள்ளான், அன்றைய போர்ட் சுவெட்டன்ஹாம், அதே ஆண்டு செப்டம்பரில் திறக்கப்பட்டது. திறந்த கையோடு அங்கே வேலைக்கு வந்தவர்களும் குடும்பங்களும் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். துறைமுகத்தையே மூடிவிடலாமா என்ற அளவுக்குப் பேச்சு வந்தது.

வாட்சன் சதுப்பு நிலத்தை வடிக்கச் சொன்னார். கால்வாய் வெட்டினார்கள், தேங்கிய தண்ணீரை ஓடவிட்டார்கள், குடியிருப்பைச் சுற்றி இருந்த புதரை அகற்றினார்கள். கிள்ளானிலும் துறைமுகத்திலும் நோய் மளமளவென்று குறைந்தது. பிறகு அவர் தோட்டங்களுக்குப் போனார். அங்கே இன்னொரு பாடம் காத்திருந்தது. மலைப்பாங்கான இடங்களில் காட்டை அழித்ததும் ஓடைகள் மீது வெயில் பட்டது. வெயில் பட்ட ஓடையில்தான் அங்குள்ள மலேரியாக் கொசு பெருகியது. அதாவது, தோட்டம் போட்ட முறையே நோயை வளர்த்தது. அதற்கும் வழி கண்டார்கள்: ஓடைகளை நிலத்துக்கடியில் குழாயில் விட்டார்கள், தேங்கிய நீரில் எண்ணெய் தெளித்தார்கள்.

தோட்ட முதலாளிகள் கருணையால் மட்டும் அதற்குச் செலவு செய்யவில்லை. ஆள் படுத்தால் பால் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். எந்த நோக்கத்தோடு செய்தாலும் பலன் ஒன்றுதான்: தொழிலாளி தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ளும் வரை காத்திருக்காமல், அவர் வாழ்ந்த இடத்தை மாற்றினார்கள். நோய் இறங்கியது.

இன்றைய நீரிழிவுக்குச் சதுப்பு நிலம் எது? 12 மணி நேர ஷிப்ட். கெட்டுக் கிடக்கும் லிப்ட். சம்பளத்துக்கு எட்டாத காய்கறி. சம்பளம் போகாமல் கிளினிக்குப் போக முடியாத வேலை.

இருப்பதைப் பயன்படுத்துவோம்

சில கால்வாய்கள் ஏற்கெனவே வெட்டப்பட்டிருக்கின்றன. 2013இல் 900 ரிங்கிட்டாகத் தொடங்கிய தீபகற்பத்தின் குறைந்தபட்சச் சம்பளம் இன்று 1,700. 2023 முதல் வாராந்திர வேலை நேரத்தின் உச்சவரம்பு 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. சீனி பானங்களுக்கு 2019இல் லிட்டருக்கு 40 சென் வரி வந்தது; 2025இல் அது 90 சென் ஆனது. தொடக்கப்பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவச உணவு கொடுக்கும் ஆர்எம்டி திட்டம் 1979 முதல் நடக்கிறது. இவை எதையும் நாம் மருத்துவம் என்று அழைப்பதில்லை. ஆனால் இவை எல்லாமே மருந்துதான்.

வீட்டில் செய்யக்கூடியவையும் உண்டு. 2019 ஆய்வில் நீரிழிவு இருந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியவில்லை. குடும்பத்தில் எஸ்டிஆர் உதவித்தொகை பெறுபவர் இருந்து, அவருக்கோ துணைவருக்கோ 40 வயது ஆகியிருந்தால், பெக்கா பி40 திட்டத்தின் கீழ் திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் கிளினிக்குகளிலும் இலவசமாக உடல் பரிசோதனை செய்யலாம். தகுதி உள்ளவர்களுக்கு மருத்துவக் கருவிகளுக்கும் போக்குவரத்துச் செலவுக்கும்கூட அத்திட்டத்தில் உதவி உண்டு. தொடர் மருந்து எடுப்பவர்கள் அதைத் தபாலில் அனுப்பச் சொல்லலாம். பல இடங்களில் காரிலிருந்து இறங்காமலேயே வாங்கிக்கொள்ளலாம். சில அரசாங்க கிளினிக்குகள் இரவு 9.30 வரை திறந்திருக்கின்றன. உங்கள் கிளினிக்கின் மருந்தகத்தில் ஒரு முறை கேட்டு வையுங்கள். மிச்சமாகும் ஒரு நாளின் விலை உங்களுக்கு இப்போது தெரியும்.

கோயில் நிர்வாகங்களும் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் படித்துக்கொண்டிருந்தால் அவர்களுக்கும் ஒரு சொல். அன்னதானத்தில் ஒரு கூட்டுக்குப் பதில் இரண்டு காய் வைக்கலாம். திருவிழாவுக்கு நடுவே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் மேசை ஒன்று போடலாம். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் லிப்ட் விஷயத்தை எழுப்புவதும் அந்தப் பகுதியின் உடல்நலத்துக்கான வேலைதான்.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் இளையோர் பலர் இன்று அதிகாரிகளாக, மேலாளர்களாக இருக்கிறீர்கள். குத்தகை நிறுவனங்களோடு ஒப்பந்தம் கையெழுத்திடும் மேசையில் உங்களில் சிலர் உட்கார்ந்திருப்பீர்கள். அந்த ஒப்பந்தத்தில், கிளினிக் தேதி உள்ளவருக்கு அரை நாள் சம்பளத்தோடு விடுப்பு என்று ஒரு வரி சேர்க்க உங்களால் முடியும். பலசரக்குக் கடையில் எந்த எண்ணெய் வாங்கலாம் என்று அம்மாவுக்குச் சொல்லிக் கொடுப்பதைவிட, அந்த ஒரு வரி அதிக உயிர்களைக் காப்பாற்றக்கூடும்.

நாளைக் காலை அலுவலகத்துக்குப் போனதும், உங்கள் மாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும் அக்காவிடம் இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். "உங்க கிளினிக் தேதி எப்போ, அக்கா? அன்னிக்குச் சம்பளம் உண்டா?"